உங்களுக்குத் தெரியுமா? ‘டிங்’ என்ற வடநாட்டுச் சொல்

ஆங்கிலத்தில் ‘திங்’ என்றால் ஏதோ ஒரு பொருள். மேசையும் திங், குடையும் திங், பெயர் நினைவுக்கு வராத எதுவும் திங். ஐஸ்லாந்து, நார்வே, டென்மார்க், ஸ்வீடன், ஃபாரோ தீவுகள் ஆகிய வடநாடுகளிலும் இதே சொல் வழங்குகிறது. ஐஸ்லாந்துக்காரர்கள் ‘திங்’ என்கிறார்கள். மற்றவர்கள் அழுத்தி ‘டிங்’ என்கிறார்கள். அங்கே அதற்குப் பழம்பொருள் அவை. வழக்குத் தீர்க்கவும், சட்டம் செய்யவும், அரசனை ஏற்கவும் எதிர்க்கவும் சுதந்திரக் குடிகள் வெட்டவெளியில் கூடிய அவை. இந்த வாரப் பகுதி முழுவதும் அந்த ஒரு சொல்லுக்கே.

✦ அவை எப்படிப் பொருள் ஆனது? மொழியறிஞர்களில் பெரும்பாலோர் சொல்லும் விளக்கம் இது: ஜெர்மானிய மொழிகளின் தாய்மொழியில் இச்சொல் ‘குறித்த நேரம்’ என்ற கருத்திலிருந்து பிறந்தது. வழக்கொழிந்த கோதிக் மொழியில் இதன் உறவுச்சொல்லான ‘தீஹ்ஸ்’ காலத்தையே குறித்தது. குறித்த நாளில் கூடியதால் கூட்டத்துக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு கூட்டத்தில் எடுத்துக்கொண்ட வழக்குக்கு, அப்புறம் வழக்கில் அடங்கிய விஷயத்துக்கு, கடைசியில் எந்த விஷயத்துக்கும் எந்தப் பொருளுக்கும் அதுவே பெயராயிற்று.

✦ இதே பாதையில் நடந்த வேறு சொற்களும் உண்டு. லத்தீனில் ‘கௌசா’ என்றால் வழக்கு. அதன் வாரிசுகளான இத்தாலியின் ‘கோசா’, பிரெஞ்சின் ‘ஷோஸ்’ இரண்டுக்கும் இன்று பொருள் என்றே பொருள். ஜெர்மனில் ‘ஸாகெ’ என்ற சொல்லும் வழக்கு மன்றத்திலிருந்து வீட்டுக்குள் வந்ததுதான்.

✦ ஆங்கிலத்திலும் முதலில் அவைதான். 7ஆம் நூற்றாண்டில் கென்ட் நாட்டு மன்னர்கள் லோதேரும் எட்ரிக்கும் வெளியிட்ட சட்டத்தில் இச்சொல் வழக்கு கேட்கும் கூட்டத்தைக் குறிக்கிறது. மேசையும் குடையும் பிற்பாடு வந்தவை.

✦ நார்வேஜியத்திலும் டேனிஷிலும் இரண்டு பொருளும் இன்றுவரை பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. எழுத்தும் ஒலியும் ஒன்றே. இலக்கணப் பால்தான் வேறு. பொருளைச் சொல்லும்போது ஒரு பால், அவையைச் சொல்லும்போது இன்னொரு பால். முன்னால் நிற்கும் சிறு சொல்லை வைத்துக் கேட்பவர் புரிந்துகொள்வார். ஸ்வீடிஷில் ‘அல்டிங்’ என்றால் ‘எல்லாம்’. ஐஸ்லாந்தில் ‘அல்திங்கி’ என்றால் நாடாளுமன்றம். இரண்டும் ஒரே இரு துண்டுகளைச் சேர்த்துக் கட்டியவை. ஐஸ்லாந்து மொழி தன் ‘திங்’கை அவைக்கே ஒதுக்கிவிட்டது. சாதாரணப் பொருளுக்கு அங்கே ‘ஹ்லூதுர்’ என்று தனிச்சொல். அதன் பழைய பொருள் சீட்டுக் குலுக்கலில் விழும் பங்கு.

✦ ‘திங்’ என்பதன் முதல் எழுத்தை ஐஸ்லாந்தில் ‘தோர்ன்’ என்ற தனி எழுத்தால் எழுதுகிறார்கள். ஜெர்மானியரின் பழைய ரூன் வரிவடிவிலிருந்து வந்த எழுத்து அது. ஆங்கிலமும் ஒருகாலத்தில் அதை வைத்திருந்தது, பின்பு இழந்தது. இன்று அதை அன்றாடம் எழுதும் நாடு ஐஸ்லாந்து ஒன்றுதான்.

✦ இந்தச் சொல்லின் மிகப் புகழ்பெற்ற வீடு ‘திங்வெட்லிர்’. ‘அவைச் சமவெளி’ என்று பொருள். நார்வேயிலிருந்தும் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் கி.பி. 930 வாக்கில் இங்கே நாடு முழுவதற்குமான அவையான அல்திங்கியைத் தொடங்கினார்கள். அரசன் இல்லாத நாடு அது. அதற்கான சட்டத்தை உல்ஃப்லியோட் என்பவர் நார்வேயின் மேற்குக்கரை அவையான குலடிங்கின் சட்டத்தைப் பின்பற்றி வகுத்தார் என்று 12ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஆரி தோர்கில்சன் எழுதுகிறார். ஒவ்வொரு கோடையிலும் இரண்டு வாரம் மக்கள் குதிரையேறி வந்து, கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய கொட்டகைகளில் தங்கினார்கள். வழக்கு நடந்தது, வாணிகம் நடந்தது, கல்யாணமும் பேசி முடிக்கப்பட்டது.

அந்த இடத்தின் நில அமைப்பும் வியப்புக்குரியது. வட அமெரிக்கக் கண்டத்தட்டும் யூரேசியத் தட்டும் பிரிந்து விலகும் பிளவு அங்கே தரைக்கு மேலே கண்ணுக்குத் தெரிகிறது. அவைக்கு முதுகாக நின்ற பாறைச் சுவரின் பெயர் ‘அல்மன்னக்யா’, அதாவது எல்லோருக்குமான பிளவு. 2004இல் யுனெஸ்கோ இந்தச் சமவெளியை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

✦ அந்த அவைக்கு ஏட்டில் எழுதிய சட்டம் கிடையாது. ‘சட்டம் சொல்பவர்’ என்ற ஒருவரின் நினைவே சட்டப்புத்தகம். மூன்றாண்டுக்கு ஒருமுறை அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சட்டப்பாறை மேல் நின்று, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக, தம் பதவிக்காலத்துக்குள் முழுச் சட்டத்தையும் அவர் ஓதி முடிக்க வேண்டும். அந்தக் குடியரசு ஊதியம் கொடுத்து வைத்துக்கொண்ட அதிகாரி அநேகமாக அவர் ஒருவரே. 1117–18 குளிர்காலத்தில்தான் சட்டத்தை எழுதிவைக்கும் வேலை தொடங்கியது. அதுவரை ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஒரு நாட்டின் நீதி முழுவதும் வாய்மொழியில் நின்றிருக்கிறது. மனப்பாடத்தை மட்டமாகப் பேசுகிறவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

✦ ஒரு நாடே மதம் மாறுவதை ஒரு திங் முடிவுசெய்தது. கி.பி. 1000 வாக்கில் ஐஸ்லாந்தில் கிறிஸ்தவர்களும் பழைய தெய்வங்களை வணங்கியவர்களும் ஆயுதமெடுக்கும் நிலைக்கு வந்தார்கள். இரு தரப்பும் சட்டம் சொல்பவரான தோர்கெய்ரிடம் தீர்ப்பை விட்டன. அவரோ பழைய மதத்துக்காரர். தம் கொட்டகைக்குள் போய், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு பகலும் ஒரு இரவும் யாரோடும் பேசாமல் படுத்திருந்தார் என்கிறார் ஆரி. எழுந்து வந்து, சட்டம் இரண்டானால் அமைதியும் உடைந்துபோகும் என்று சொல்லி, எல்லோரும் கிறிஸ்தவத்தை ஏற்க வேண்டும் என்று அறிவித்தார். குதிரைக்கறி உண்பது, மறைவாகப் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவது போன்றவற்றுக்குச் சிலகாலம் விலக்கும் கொடுத்தார். போர் நின்றது. தம் நம்பிக்கைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன அந்த மனிதர்மேல் எனக்கு அளவுகடந்த மரியாதை உண்டு.

✦ அவைக்கு வராமல் வீட்டிலிருந்த வசதியுள்ள விவசாயிகள், போனவர்களின் பயணச் செலவுக்குப் பணம் கட்டினார்கள். அதற்குப் பெயர் ‘திங்ஃபாரர்கெய்ப்’: அவைக்குப் போகும் கூலி. இன்று ஐஸ்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்துக்குச் சட்டத்தில் எழுதியிருக்கும் பெயரும் அதுவே.

✦ இருண்ட பக்கமும் இந்தச் சொல்லுக்கு உண்டு, மறைக்கக் கூடாது. அவையில் சமமாகப் பேசும் உரிமை சுதந்திர ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. அடிமைகளுக்குக் குரல் இல்லை. பெண்ணின் வழக்கை ஆண் உறவினர் எடுத்துப் பேச வேண்டும். ஐஸ்லாந்து அயல் அரசர்களின் கீழ் வந்தபிறகு 1564இல் ஒழுக்கக் குற்றங்களுக்குக் கடுமையான தண்டனைச் சட்டம் வந்தது. திங்வெட்லிரில் ஓடும் ஒக்ஸரா ஆற்றில் ‘ட்ரெக்கிங்கர்ஹிலூர்’ என்று ஒரு மடு இருக்கிறது. ‘மூழ்கடிக்கும் மடு’ என்று பொருள். முறைதவறிய உறவு, சிசுக்கொலை என்ற குற்றச்சாட்டுகளின் பேரில் பெண்களை இங்கே நீரில் அமிழ்த்திக் கொன்றார்கள். அப்படி இறந்த 18 பெண்களைப் பற்றிப் பதிவு உண்டு.

அதே அல்திங்கிக்குள் முதல் பெண் உறுப்பினராக இங்கிபியோர்க் பியார்னசன் நுழைந்தது 1922இல். பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

✦ அல்திங்கியை உலகின் மிகப் பழைய நாடாளுமன்றம் என்று சொல்வதுண்டு. இடையில் ஓர் அறுபடலும் உண்டு. 1800இல் டென்மார்க் அரசு அதைக் கலைத்தது. 1843இல் மீண்டும் அனுமதி கிடைத்து, 1845இல் ரெய்க்யாவிக் நகரில் கூடியது. 1944 ஜூன் 17 அன்று குடியரசை அறிவிக்க மக்கள் கொட்டும் மழையில் திங்வெட்லிருக்கே திரும்பி வந்தார்கள்.

✦ பழைய நார்வேயில் நீதிபதிகள் அமரும் இடத்தைச் சுற்றி ஹேசல் மரக்கம்புகளை நட்டுக் கயிறு கட்டுவார்கள். ‘வேபோண்ட்’ என்று அந்தக் கயிற்றுக்குப் பெயர். புனிதக் கட்டு எனலாம். அதற்குள் வன்முறை கூடாது. குலடிங்கில் தன் மனைவியின் சொத்துக்காக வழக்காடிய ஐஸ்லாந்துக் கவிஞர் எகில் ஸ்கல்லக்ரிம்சனின் கதையில், 36 நீதிபதிகள் உள்ளே இருக்கும்போதே அரசி குன்ஹில்டின் ஆட்கள் அந்தக் கயிற்றை அறுத்தெறிகிறார்கள். அவை கலைந்துபோகிறது. கயிற்றில் கத்தி பட்டதைக் கேட்ட அக்காலத்து மக்கள் பதறியிருப்பார்கள்.

✦ தீர்மானத்தை ஏற்கிறோம் என்று காட்ட ஆயுதங்களை உயர்த்தி ஆட்டினார்கள். ‘வாப்னதாக்’, ஆயுதம் எடுத்தல். ஜெர்மானியர்கள் ஈட்டிகளை மோதி ஒலியெழுப்பிச் சம்மதம் சொன்னதை ரோமானியர் டாசிடஸ் கி.பி. 98 வாக்கிலேயே எழுதிவைத்திருக்கிறார். வைக்கிங்குகள் குடியேறிய யார்க்‌ஷயர், லிங்கன்‌ஷயர் பகுதிகளில் வட்டாரப் பிரிவுக்கே ‘வாப்பன்டேக்’ என்ற பெயர் நிலைத்தது.

✦ 11ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனின் வல்லென்டூனா பகுதியில் யார்லபான்கி என்றொரு பெருநிலக்காரர் இருந்தார். உயிரோடிருக்கும்போதே தமக்குத் தாமே ரூன் கற்களை நாட்டிக்கொண்டவர். அவற்றில் ஒன்றில் தாம் செய்த சாதனையாக அவர் பொறிக்கச் சொன்னது: இந்த டிங் கூடும் இடத்தை அமைத்தவர் தாமே என்பது. பக்கத்திலேயே வேறு ஒரு குடும்பத்தார் தங்கள் தந்தையின் நினைவாக ஏற்கெனவே ஒரு டிங் இடம் அமைத்துக் கல்லும் நாட்டியிருந்தார்கள். அவையை நடத்தும் இடம் யாருடையது என்பதில் அப்போதே போட்டி.

✦ அரசனை அதட்டிய டிங் ஒன்றை ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்னோரி ஸ்துர்லுசன் 13ஆம் நூற்றாண்டில் விவரிக்கிறார். ஸ்வீடனின் உப்சாலாவில், நார்வேயோடு பகையை விட மறுத்த அரசன் ஓலோஃப் முன்னால், டோர்க்னி என்ற வயதான சட்டம் சொல்பவர் எழுந்தார். சமாதானம் செய்துகொள்ளாவிட்டால் குடியானவர்களே எதிர்த்து நின்று அரசனைக் கொல்வார்கள். முன்பு திமிர்கொண்ட ஐந்து அரசர்களை நம் முன்னோர் இப்படித்தான் கிணற்றில் தள்ளினார்கள் என்றார். கூட்டம் ஆயுதங்களைத் தட்டி ஆரவாரித்தது, அரசன் பணிந்தான். டோர்க்னி உண்மையில் வாழ்ந்தவரா என்று வரலாற்றாசிரியர்கள் ஐயப்படுகிறார்கள். ஆனாலும் அரசனைவிட அவை பெரிது என்று ஸ்னோரியின் வாசகர்கள் நம்ப ஆசைப்பட்டார்கள் என்பதற்கு அந்தக் கதையே சாட்சி.

✦ நார்வே அரசர் மேக்னஸ் 1274இல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டத்தொகுப்பைக் கொண்டுவந்தபோது அதையும் டிங்குகளின் முன் வைத்தே ஒப்புதல் பெற்றார். அதனாலேயே ‘லாகபோட்டெ’, சட்டம் திருத்தியவர், என்ற பட்டம் அவருக்கு. குலடிங், ஃப்ரொஸ்டடிங், எய்ட்ஸிவடிங், போர்கர்டிங் என்ற இடைக்கால அவைகளின் பெயர்களை இன்று நார்வேயின் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தாங்கியிருக்கின்றன.

✦ இங்கிலாந்துத் தேர்தல் பிரசாரத்தை ‘ஹஸ்டிங்ஸ்’ என்கிறார்கள். அதுவும் இதே டிங்தான்! ‘ஹூஸ்திங்’ என்றால் வீட்டவை: அரசனோ தலைவனோ தன் வீட்டு ஆட்களோடு மட்டும் கூடுவது. லண்டனில் அந்தப் பெயரில் பழைய நீதிமன்றம் இருந்தது. பிறகு வேட்பாளர்கள் ஏறிநின்று பேசும் மேடைக்கு அந்தப் பெயர் போனது. 1872இல் ரகசிய வாக்கெடுப்புச் சட்டம் வந்து மேடை ஒழிந்தபின், பிரசாரத்துக்கே பெயராகிவிட்டது.

✦ ஸ்காட்லாந்தில் டிங்வால், ஷெட்லாந்தில் டிங்வல், லிவர்பூல் பக்கம் திங்வால், நார்வேயில் டிங்வொல், மான் தீவில் டின்வால்ட். எல்லாம் திங்வெட்லிரின் உடன்பிறப்புகள். வைக்கிங் கப்பல் போன இடமெல்லாம் இறங்கிய ஊர்ப்பெயர்கள். ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவின் டின்வால்ட் இன்றும் சட்டமன்றம். ஆண்டுதோறும் வழக்கமாக ஜூலை 5 அன்று நான்கு அடுக்குப் புல்மேட்டில் உறுப்பினர்கள் அமர, அந்த ஆண்டின் புதிய சட்டங்களின் சுருக்கத்தை தீவின் சொந்த மொழியான மாங்ஸிலும் ஆங்கிலத்திலும் உரக்கப் படிக்கிறார்கள். டப்ளினிலும் வைக்கிங்குகளின் திங் மேடு ஒன்று இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் அதை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

✦ ஜெர்மனில் செவ்வாய்க்கிழமை ‘டீன்ஸ்டாக்’, டச்சில் ‘டின்ஸ்டாக்’. இந்தக் கிழமைக்குள்ளும் ஒரு திங் ஒளிந்திருக்கிறது. வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதிலின் ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் 1883இல் 3ஆம் நூற்றாண்டுப் பலிபீடக் கற்கள் கிடைத்தன. ரோமப் படையிலிருந்த ஜெர்மானிய வீரர்கள் ‘மார்ஸ் திங்ஸுஸ்’ என்ற தெய்வத்துக்கு நாட்டியவை அவை. அவையைக் காக்கும் தெய்வம் அது என்றும், கிழமைப்பெயர் அதிலிருந்து வந்தது என்றும் அறிஞர்கள் கருதுகிறார்கள். சொந்த ஊரை விட்டு எங்கோ மழைபெய்யும் எல்லைமதிலில் காவல் நின்றவர்கள் தங்கள் ஊர் அவையின் தெய்வத்தைக் கல்லில் வெட்டி வணங்கியிருக்கிறார்கள்.

✦ ஜெர்மனில் ‘காப்பாற்று, தற்காத்துப் பேசு’ என்பதற்கு ‘ஃபெர்டைடிகென்’ என்ற சொல். ‘டாகடிங்’, அதாவது வழக்குக்குக் குறித்த நாள், என்பதிலிருந்து தேய்ந்து வந்தது. டச்சில் நீதிமன்ற வழக்குக்கு ‘கெடிங்’ என்று பெயர்.

✦ இந்த நல்ல சொல்லை நாஜிகள் களவாடினார்கள். 1930களில் ஜெர்மனியில் கொள்கைப் பிரசார நாடகங்களுக்காகத் திறந்தவெளி அரங்குகள் கட்டி அவற்றை ‘திங் இடங்கள்’ என்று அழைத்தார்கள். ஹைடல்பெர்க் நகருக்கு மேலே குன்றில் 1935இல் நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் திறந்துவைத்த அரங்கு இன்னும் நிற்கிறது. எதிர்த்துப் பேசும் உரிமைதான் பழைய திங்கின் உயிர். ஒருவன் பேச ஆயிரம்பேர் தலையாட்டும் இடத்துக்கு அந்தப் பெயரை வைத்தது அநியாயம். சில ஆண்டுகளில் அந்த இயக்கம் தானே மங்கிவிட்டது.

✦ நார்வேயிலோ டென்மார்க்கிலோ வீடு வாங்கினால் பத்திரத்தைப் பதிவுசெய்ய வேண்டும். அதற்குப் பெயர் நார்வேயில் ‘டிங்லீசிங்’, டென்மார்க்கில் ‘டிங்லீஸ்னிங்’: டிங்கில் அறிவித்தல். நிலம் கைமாறினால் அவையில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்; பிறகு யாரும் எனக்குத் தெரியாது என்று வந்து நிற்க முடியாது. வெட்டவெளி அவை போய், நீதிமன்றப் பதிவேடு வந்து, இப்போது டென்மார்க்கில் பதிவு முழுக்க மின்னணுவில் நடக்கிறது. ஹோப்ரோ நகரில் அதற்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. வங்கிக்கடன் வாங்கும் இளம் தம்பதிகள் அன்றாடம் இந்தச் சொல்லை எழுதுகிறார்கள்.

✦ நார்வேயின் நாடாளுமன்றம் ‘ஸ்டோர்டிங்’, பேரவை (1814). டென்மார்க்கில் ‘ஃபோல்கெடிங்’, மக்களவை (1849). அங்கே மேலவையாக இருந்த ‘லான்ஸ்டிங்’கை 1953இல் எடுத்துவிட்டார்கள். பின்லாந்துக்குட்பட்டு ஸ்வீடிஷ் பேசும் ஓலாந்து தீவுகளில் ‘லாக்டிங்’, சட்ட அவை. ஸ்வீடன் மட்டும் விலகி நிற்கிறது: நாடாளுமன்றம் ‘ரிக்ஸ்டாக்’. டிங்கை அங்கே கீழமை நீதிமன்றத்துக்குக் கொடுத்தார்கள். அதன் பெயர் ‘டிங்ஸ்ரெட்’.

✦ ஃபாரோ தீவுகளின் தலைநகர் டோர்ஸ்ஹாவ்னில் கடலுக்குள் நீளும் பாறை முனைக்கு ‘டிங்கனேஸ்’ என்று பெயர். வைக்கிங் காலத்தில் தீவுவாசிகள் கூடிய டிங் முனை அது. இன்று அங்கே புல்கூரை வேய்ந்த சிவப்பு மரவீடுகளில் ஃபாரோ அரசின் அலுவலகங்கள் நடக்கின்றன.

✦ வடகோடியில் கலைமான் மேய்த்து வாழ்ந்த சாமி மக்களிடம் இந்தச் சொல் முதலில் அதிகாரத்தின் சொல்லாக வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் அரசு, சிதறி வாழ்ந்த சாமிகளை யொக்மொக் போன்ற இடங்களுக்குக் குளிர்காலத்தில் வரவழைத்தது. சந்தை, தேவாலயம், வரிவசூல், டிங் எல்லாம் ஒரே இடத்தில் நடந்தன. சாமிகள் அந்தச் சொல்லைத் தங்கள் நாவுக்கு ஏற்ப ‘திக்கி’ ஆக்கிக்கொண்டார்கள். பல தலைமுறைக்குப் பின் தங்களுக்கென்று தேர்ந்தெடுத்த அவை அமைந்தபோது, அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சாமெதிக்கி’. நார்வேயின் சாமெதிக்கியை 1989இல் அரசர் ஐந்தாம் ஓலாவ் திறந்துவைத்தார். அதன் கட்டடம் காராஷோக் ஊரில், சாமிகளின் கூம்புக் கூடாரமான ‘லாவ்வு’ வடிவில் எழுந்திருக்கிறது. ஸ்வீடனில் 1993இல் வந்தது. பின்லாந்தில் 1996இல், ஏற்கெனவே இருந்த சாமி பேராளர் குழுவுக்குப் பதிலாக வந்தது. அங்கே பின்னிஷ் மொழியில் அதன் பெயர் ‘சாமெலைஸ்கேரேயேத்’. பின்னாலுள்ள ‘கேரேயேத்’ பின்லாந்துக்காரர்கள் டிங்குக்குத் தங்கள் மொழியில் வைத்திருக்கும் பழைய சொல்.